வேலை தரும் விவசாயக் கூட்டுறவு: மட்டக்களப்பில் ஒன்றை அமைக்கும் முறை

குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள், போரில் அவயவம் இழந்தோர், பிறவியிலிருந்தே உடற்குறையோடு வாழ்வோர், சொந்தக் காணி இல்லாத வயற்கூலிகள், பள்ளிப்படிப்பை இடையில் விட்ட இளைஞர் ஆகியோருக்கு வேலையும் பயிற்சியும் தரும் நோக்கோடு விவசாயக் கூட்டுறவொன்றைத் தொடங்க விரும்புவோர், பயிர், காணி, சங்கத்தின் பெயர் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னர் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மனிதர்கள் சங்கத்துக்குள் எந்த நிலையில் இருக்கப் போகிறார்கள் என்பதே அது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னும், 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்து மக்கள் மீளக்குடியேறிய பின்னும், வாகரை தொடக்கம் பொத்துவில் வரை எத்தனையோ குழுக்கள் அமைக்கப்பட்டன; ஆடும் கோழியும் தையல் இயந்திரமும் விதைப் பொதியும் வழங்கப்பட்டன. திட்டக்காலம் முடிந்ததும் அவற்றுட் பல கலைந்துபோயின. கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்ட பின் அக்குழுவைக் காப்பாற்ற வேண்டிய தேவை அதிலிருந்த எவருக்கும் இருக்கவில்லை என்பதே அதற்குரிய முதற்காரணம் என்பது என் கருத்து.

ஆகவே இங்கு விளக்கப்படும் முறை இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. வேலை பெறுவோர் பயனாளிகளாக அல்லாமல், பங்கு செலுத்தி வாக்களிக்கும் அங்கத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களின் கூலி, மானியத்திலிருந்து அன்றி, விற்ற பொருளின் பணத்திலிருந்து வர வேண்டும். கட்டடத்துக்கும் கிணற்றுக்கும் மின்வேலிக்கும் நன்கொடை பெறுவதில் தவறில்லை. கூலிக்கு நன்கொடையை நம்பியிருக்கும் சங்கம் அந்த நன்கொடையின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டுவிடும்.

யாரைச் சேர்ப்பது

பிரதேச செயலகத்தில் கிடைக்கும் பெயர்ப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டுவது இலகுவான வழிதான். ஆயினும் ஒரே பெயர்கள் எல்லாத் திட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருவதும், வீட்டுப் படலையைத் தாண்ட இயலாதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராமற் போவதும் நம் ஊர்களில் வழமையாகிவிட்டன. கிராம உத்தியோகத்தரிடமும் சமூகசேவை உத்தியோகத்தரிடமும் பட்டியலைப் பெற்ற பின்னர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த இரண்டொருவரை உடன் அழைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று அதைச் சரிபார்க்க வேண்டும். செல்லும் வீடுகளில் மூன்று விடயங்களைக் கேட்டறிந்தாற் போதும். கடந்த ஆண்டில் எந்தெந்த மாதங்களில் கூலி வேலை கிடைத்தது, இவர் வேலைக்குப் போனால் பார்க்க ஆளில்லாத குழந்தையோ நோயாளியோ வீட்டில் உண்டா, கிழமைக் கடன் எந்த நாளில் கட்ட வேண்டியிருக்கிறது என்பவையே அவை. முதற்கேள்வியின் விடை சங்கத்தின் வேலைக் காலத்தையும், இரண்டாவதன் விடை வேலை நேரத்தையும், மூன்றாவதன் விடை கூலி கொடுக்கும் நாளையும் தீர்மானித்துவிடும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு காலத்தில் வேளாண்மை வெட்டும் சூடடிப்பும் காணியற்ற குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் கூலி கொடுத்தன. அறுவடை இயந்திரம் வயல் வட்டைகளுக்குள் இறங்கிய பின் அந்த வேலை ஒரு சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது. உடல்வலு இருந்தும் வேலை இழந்த இக்குடும்பங்களையும் நலிவுற்றோர் என்ற கணக்கில் சேர்க்க வேண்டும். உதவித் திட்டங்களின் கண்ணுக்கு இவர்கள் பெரும்பாலும் தென்படுவதில்லை. வாகரைப் பக்கத்தில் வாழும் கரையோர வேடர் சமூகத்தினரைச் சேர்ப்பதாயின், மீன்பிடிக்கும் தேன் எடுக்கும் அவர்கள் ஒதுக்கும் காலத்தைக் கேட்டறிந்து அதற்கு இடம்விட்டே வேலையை அமைக்க வேண்டும்.

நலிவுற்றோரை மாத்திரம் கொண்டு சங்கம் அமைப்பதா, ஏனையோரையும் கலப்பதா என்ற கேள்வி எப்போதும் எழும். இத்தாலியில் சமூகக் கூட்டுறவுகளுக்கென 1991ஆம் ஆண்டின் 381ஆம் இலக்கச் சட்டம் உண்டு. வேலை தருவதை நோக்காகக் கொண்ட கூட்டுறவில் ஊதியம் பெறுவோரில் ஆகக்குறைந்தது 30 சதவீதமானோர் நலிவுற்ற பிரிவினராக இருக்க வேண்டும் என்றும், அவர்களின் நிலைமை இடங்கொடுக்கும் அளவில் அவர்கள் அங்கத்தவராகவும் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. எஞ்சியோர் உழவு இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர், கணக்கு எழுதுபவர், சந்தையில் பேரம் பேசுபவர் எனத் தொழிலுக்கு வேண்டியோராக இருக்கலாம். நம் ஊர் நிலைமைக்கு 30 சதவீதம் குறைவு என்பதே என் எண்ணம். பாதிக்கு மேற்பட்டோர் நலிவுற்ற குடும்பத்தினராக இருந்தாலன்றி, பொதுச்சபையில் அவர்களின் குரல் எடுபடாது. பெருங்காணி வைத்திருக்கும் போடியார் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து பேசினாலே ஏனையோர் வாய்மூடிவிடும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. எனினும், அனுபவம் வாய்ந்த கமக்காரர் சிலரேனும் இல்லாமல் தொடங்குவதும் உகந்ததன்று. பூச்சி விழுந்த அன்று மாலையே அதை இனங்காண ஒருவர் வேண்டும்.

மாதங்களைப் பார்த்து வேலையைத் தெரிதல்

பயிரை முதலில் தெரிந்துவிட்டுப் பிறகு ஆட்களுக்கு வேலை தேடுவது வழமை. வேலை தரும் கூட்டுறவில் இந்த ஒழுங்கு தலைகீழாக வேண்டும். வட்டையில் கூலி இல்லாத மாதங்கள் எவை என்று பார்த்து, அந்த மாதங்களை நிரப்பும் உற்பத்தியைத் தெரிய வேண்டும். நம் மாவட்டத்தின் மழையிற் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபரின் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை கொட்டிவிடுகிறது. பெரும்போக விதைப்பும் களைபிடுங்கலும் அந்தக் காலத்தில் ஓரளவு கூலி தருகின்றன. வரண்ட காலத்துச் சிறுபோகம் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போன்ற குளங்களின் கீழ் நீர் கிடைக்கும் வயல்களில் மட்டும் நடைபெறுகிறது. மானாவாரிப் பகுதியிலோ பெரும்போக அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் வயலில் வேலை இல்லை. கடன் ஏறுவதும், நகை அடகுக்குப் போவதும், தாய் வெளிநாடு செல்வது பற்றி வீட்டில் பேச்செழுவதும் அந்த மாதங்களிலேயே நிகழ்கின்றன.

அதே வரண்ட மாதங்களில்தான் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் உல்லாசப் பயணிகள் நிறைகின்றனர். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி செப்டெம்பர் வரை அங்குள்ள விடுதிச் சமையலறைகளுக்கு நாளாந்தம் மரக்கறி வேண்டும். அவற்றிற் பெரும்பங்கு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வழியே லொறிகளில் வந்து சேர்கிறது. கிணற்று நீரும் சொட்டு நீர்க் குழாயும் கொண்டு ஓர் ஏக்கரில் வெண்டி, பயற்றங்காய், கத்தரி, பாகல், கீரை ஆகியவற்றைச் சுழற்சியாகப் பயிரிடும் சங்கத்துக்கு இங்கே வாய்ப்பு உண்டு. ஆனால் விடுதிக்காரர் கேட்பது ஒரே நாளில் ஆயிரம் கிலோ கத்தரி அன்று; கிழமையில் ஆறு நாளும், ஒவ்வொரு காலையிலும், ஒரே தரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ வீதம் பல வகைகள். வாரத்துக்கு ஒரு பாத்தி என்ற ஒழுங்கில் விதைப்பைப் பிரித்துப் போடாத சங்கம் இந்தச் சந்தையை ஒரு மாதத்திலேயே இழந்துவிடும். விதைப்பதற்கு முன்னரே இரண்டு மூன்று கொள்வனவாளரிடம் சென்று வகை, அளவு, நாள், விலை நிர்ணயிக்கும் முறை, பணம் தரும் தவணை ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பணம் ஒரு மாதம் கழித்தே வருமென்றால், அந்த மாதக் கூலிக்கான தொகை கையில் இருந்தாலன்றி அந்த ஒப்பந்தத்தை ஏற்கக் கூடாது.

இரண்டாவதாக நான் பரிந்துரைப்பது நாற்றுமேடை. மழை தொடங்குமுன்னரே மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளுக்குக் கேள்வி எழும். ஓகஸ்ட் இறுதியிலிருந்து தட்டுகளை நிரப்பத் தொடங்கினால் மூன்று முதல் ஐந்து வாரங்களில் நாற்று விற்பனைக்குத் தயாராகிவிடும். நெல்லுக்குரிய பரசூட் நாற்றுத் தட்டுகளையும் இதே இடத்தில் செய்யலாம். 434 குழிகள் கொண்ட அத்தட்டுகளில் வளர்ந்த நாற்றை மண்ணோடு எடுத்துச் சேற்றில் வீசி நடுவதால் விதைநெல்லின் தேவை வெகுவாகக் குறைவதுடன், பயிருக்குள் களையாக முளைக்கும் களைநெல்லின் பிரச்சினையும் தணிகிறது. விதைநெல் உற்பத்தி செய்யும் கமக்காரர் இதற்கு முன்பதிவு செய்வார்கள். வெயிலில் குனிந்து நின்று செய்யும் வேலையைத் தாங்க இயலாதவர்களுக்கு நிழல்வலையின் கீழ் மேசையில் செய்யக்கூடிய வேலை இது என்பதே அதன் தனிச் சிறப்பு.

மூன்றாவது கச்சான், அதாவது நிலக்கடலை. வாகரை, களுவன்கேணி போன்ற மணற்பாங்கான இடங்களில் மழையோடு விதைத்து, சுமார் மூன்றரை மாதத்தில் பிடுங்கலாம். பிடுங்கிய அன்றே வியாபாரியின் லொறியில் ஏற்றினால் சங்கத்துக்கு ஒரு நாள் கூலியோடு வேலை முடிந்துவிடும். ஆய்ந்து, காயவைத்து, உடைத்து, தரம் பிரித்து, வறுத்துப் பொதி செய்தால் அதே விளைச்சல் மாதக்கணக்கில் வேலை தரும். ஈரம் கூடிய கச்சானில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. ஈரலுக்குக் கேடு செய்யும் அந்த நஞ்சு வறுத்தாலும் முற்றாக அழிவதில்லை. எனவே பருப்பின் ஈரப்பதன் ஏறக்குறைய 8 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும் வரை உலர்த்த வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, துளை விழுந்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி அகற்ற வேண்டும். பெரும்போகக் கச்சான் பிடுங்கும் நாட்களில் எதிர்பாராத மழை பெய்வது நம் பகுதியில் புதிதன்று என்பதால், கூரையிட்ட உலர்த்தும் களம் ஒன்றில்லாமல் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம்.

இம்மூன்றையும் ஒரே ஆண்டில் தொடங்குவது தவறு. நாற்றுமேடையோடு தொடங்கி, மரக்கறியைச் சேர்த்து, கச்சானுக்குப் பின்னர் போவது பொருத்தமான ஒழுங்கு.

வேலையைக் கூறு போடுதல்

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் முயற்சிகள் பல, "இவரால் என்ன செய்ய முடியும்" என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. வேலையை முதலில் சிறுசிறு கூறுகளாகப் பிரித்தெழுதினால் விடை தானே புலப்படும். நாற்றுமேடையை எடுத்துக்கொண்டால், தும்புத்தூளையும் கூட்டெருவையும் அரித்தல், கலத்தல், தட்டு நிரப்புதல், விதை இடுதல், பெயர் எழுதி ஒட்டுதல், நீர் தெளித்தல், நாற்று எண்ணிக் கட்டுதல், விற்றுப் பதிதல் என எட்டு வேலைகள் உண்டு. காலை இழந்தவர் அமர்ந்தபடி விதை இடலாம். சக்கர நாற்காலி உள்நுழையும் உயரத்தில் மேசையையும், அது திரும்பும் அகலத்தில் இடைவழியையும் அமைத்தாற் போதும். பார்வை குறைந்தவர் தட்டை விரல்களால் தடவி நிரப்புவதில் பிறரைவிட வேகமாவதுண்டு. செவிப்புலன் அற்றவர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லும் கட்டளையைத் தவறவிடலாம். ஒவ்வொரு தட்டுவரிசைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படமாக வரைந்து மாட்டினால் எழுத்தறியாதவருக்கும் அதுவே உதவும். மனநலச் சிகிச்சை பெறுவோருக்கு மருந்தால் காலையில் மந்தம் இருக்கக்கூடும். அவர்களின் வேலையைச் சற்றுத் தாமதமாகத் தொடங்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்தல் மாத்திரம் பயிற்சி பெற்ற இருவர் அல்லது மூவருக்கு அப்பால் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அந்த நாளில் அந்தப் பாத்திக்கு அருகில் நிற்கவே கூடாது.

இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், வேலைக்கு ஆட்சேர்ப்பதில் உடற்குறையைக் காரணங்காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. சட்டத்தின் பெயரால் ஒருவரைச் சேர்த்துவிட்டு மூலையில் உட்காரவைத்துக் கூலி கொடுப்பதை அவர்களே விரும்புவதில்லை. கூறுக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தால், வேகத்தில் உள்ள வேறுபாடு வெளிப்படையாகிவிடும். நாளுக்கு இவ்வளவு என்றால், மற்றவர்களின் முணுமுணுப்பு எழும். அடிப்படை நாட்கூலி எல்லோருக்கும் சமம், குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டதற்கு மேலதிகக் கொடுப்பனவு என்ற கலப்பு முறை இரண்டு குறைகளையும் ஓரளவு தீர்க்கும். வயல்வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிலும் குறைந்த கூலி என்ற ஊர்வழக்கைச் சங்கத்துக்குள் கொண்டுவர இடமளிக்கக் கூடாது.

கூலிக் கணக்கு

ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 12 பேருக்கு மாதத்தில் 15 நாள் வேலை தருவதென்றால் கூலி 270,000 ரூபாய். தொழில் தருநர் என்ற வகையில் சங்கம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தன் பணத்திலிருந்து செலுத்த வேண்டும். அவற்றோடு தொகை 310,500 ரூபாயாகிறது. தொழிலாளியின் 8 சதவீதம் அவர் கூலியிலிருந்து கழிக்கப்படும். விற்பனைப் பணத்தில் பாதி கூலிக்குப் போகிறது என்று கொண்டால், மாதந்தோறும் 621,000 ரூபாய்க்கு விற்றால்தான் இந்த 12 பேரின் அரைமாத வேலை நிலைக்கும். இந்தக் கணக்கைத் தொடக்கக் கூட்டத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். பார்த்ததும் பலர் திகைப்பார்கள். ஐந்து அங்கத்தவருக்கு மட்டும் வேலை தந்து தொடங்கலாம் என்ற முடிவு அந்தத் திகைப்பிலிருந்துதான் பிறக்கும். ஐந்து பேருக்கு இதே கணக்கில் கூலியும் நிதிகளும் சேர்ந்து மாதம் 129,375 ரூபாய்; அதற்கு 258,750 ரூபாய்க்கு விற்றாற் போதும்.

நாட்கூலிக்கு வருபவருக்குச் சேமலாப நிதி தேவையில்லை என்று சொல்வோர் உண்டு. அது தவறு, வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அவருக்கு அந்த உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் குறிக்கும் தொகைக்குக் கீழ் போகக் கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவரை, பெற்றோரோடு வந்தாலும், வேலைக்கு எடுக்கக் கூடாது. பயிற்சிக்காலம் என்று பெயரிட்டு மாதக்கணக்கில் கூலியின்றி வேலை வாங்குவது சங்கத்தின் நோக்கத்துக்கே முரணானது.

கூலியை மாத இறுதிவரை வைத்திருக்காமல் கிழமைக்கொரு முறை, அதுவும் கிழமைக் கடன்காரர் வரும் நாளுக்கு முந்திய நாளில் கொடுப்பது நல்லது. ஒவ்வொருவரின் கூலியும் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். மாற்றுத்திறனாளியின் பணத்தை அண்ணனோ மாமனோ வந்து வாங்கிப்போகும் வழக்கம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது கடினம். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு ஆகியவற்றைப் பெறுவோர், கூலி பதிவாகினால் அவை நின்றுவிடுமோ என்று அஞ்சுவார்கள். அந்த அச்சத்தைப் புறந்தள்ளாமல், ஒவ்வொருவரின் நிலைமையையும் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரித்து விடையை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பதிவும் உபவிதிகளும்

கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி பதியப்படும் கமக்காரர் அமைப்பு வேறு. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதியப்படும் சங்கம் வேறு. நீர்ப்பங்கீடு, உரம், வாய்க்கால் திருத்தம் ஆகியவை முன்னதன் விடயங்கள். பங்குப்பணம் திரட்டி, பொருள் விற்று, ஊழியரை அமர்த்தி, செலவு போக எஞ்சும் மேலதிகத்தைப் பகிர்வதற்குப் பின்னதே பொருத்தமானது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயமாகியதால், கிழக்கு மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் உதவி ஆணையாளர் அலுவலகமே நீங்கள் முதலில் அணுக வேண்டிய இடம். மாகாணத்தில் தற்போது நடைமுறையிலுள்ள விதிகளையும் மாதிரி உபவிதிகளையும் அங்கேயே பெறலாம். 18 வயது நிரம்பிய, சங்கத்தின் தொழிற்பரப்புக்குள் வதியும் அல்லது காணி கொண்டிருக்கும் ஆகக்குறைந்தது பத்துப் பேர் வேண்டும்.

மாதிரி உபவிதிகளை அப்படியே பிரதி செய்து கையெழுத்திடும் பழக்கத்தால்தான் பல சங்கங்கள் பின்னர் முரண்படுகின்றன. வேலை தரும் சங்கத்துக்குச் சில விதிகளை நீங்களே கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். பங்குப்பணத்தைக் கூலியிலிருந்து சிறு தவணைகளாகச் செலுத்த இடம் வேண்டும். இல்லையேல் மிக ஏழையானவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பணிப்பாளர் சபையில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இருவர் சபையில் இருக்கக் கூடாது. பொதுச்சபைக் கூட்டம் பகலில், சக்கர நாற்காலி நுழையும் இடத்தில் நடைபெற வேண்டும். மேலதிகத்தை, சட்டம் கேட்கும் ஒதுக்கு நிதியையும் ஏனைய கழிவுகளையும் நீக்கிய பின், பங்குத் தொகையைப் பார்க்காமல் வேலை செய்த நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பகிரும் விதி மிக முக்கியமானது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால், பணம் படைத்த அங்கத்தவர் பங்கிலாபம் பெற, உழைத்தவர் வெறும் கூலியோடு நிற்க நேரும்.

பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு போகமாவது சேர்ந்து வேலை செய்து பாருங்கள். கூட்ட அறிக்கை, வரவுப் பதிவேடு, சிறு சேமிப்பு ஆகியவற்றை அந்தக் காலத்திலேயே பழகிக்கொள்ளலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் உத்தியோகத்தரும் அதையே பார்க்க விரும்புவார். பதிவின் பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கணக்காய்வு கட்டாயம்.

பயிற்சி

மண்டபத்தில் கூட்டி, கோப்பும் பேனையும் கொடுத்து, மதியச் சாப்பாட்டோடு முடிக்கும் பயிற்சியால் பயன் குறைவு என்பதை இந்த மாவட்டத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பயிற்சி வேலைக்குள்ளேயே நடக்க வேண்டும். காலையில் விதை இடும்போது விதையின் ஆழத்தைப் பற்றியும், மருந்து கலக்கும் அன்று அளவையைப் பற்றியும், கச்சான் உலரும் நாளில் ஈரப்பதனைப் பற்றியும் அரை மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தால் அது கையில் நிற்கும். உங்கள் பகுதியின் விவசாயப் போதனாசிரியரை மாதத்தில் ஒரு முறை தோட்டத்துக்கே அழைக்கலாம். கரடியனாறில் விவசாயத் திணைக்களத்தின் மாவட்டப் பயிற்சி நிலையம் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. ஓரிருவரை அங்கு அனுப்பி, அவர்கள் திரும்பி வந்து ஏனையோருக்குக் கற்பிக்கும் ஒழுங்கைச் செய்வது, எல்லோரையும் பேருந்தில் ஏற்றிச் செல்வதைவிடச் சிக்கனமானது.

தேசிய தொழில் தகைமைச் சான்றிதழை மறந்துவிட வேண்டாம். வகுப்பில் படிக்காமல் வேலையால் திறன் பெற்றவர்களையும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் பரிசீலித்துச் சான்றிதழ் தர இடமுண்டு. அதற்கு வேலையின் சான்றுகள் வேண்டும் என்பதால், ஒவ்வொருவரும் எந்த நாளில் எந்த வேலையைச் செய்தார் என்ற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே பேண வேண்டும். சான்றிதழ் பெற்ற இளைஞர் ஒருவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விட்டால் சிலர் குறைப்படுவார்கள். என்னைக் கேட்டால் அவ்வாறு போவதைச் சங்கத்தின் இலாபக் கணக்கில் எழுத வேண்டும்.

பயிர்த்தொழிலுக்கு அடுத்ததாக, ஆனால் அதே அளவு முக்கியமாக, கணக்கு வாசிக்கும் பயிற்சி வேண்டும். மாதத்தில் ஒரு நாள் வரவும் செலவும் கையிருப்பும் எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிக்கப்பட வேண்டும். வாசிப்பவர் ஒவ்வொரு மாதமும் மாற வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒருவரின் முறை வரும்போது கூட்டம் நீளும். நீளட்டும், பொருளாளரிடம் கேள்வி கேட்கும் துணிவு அங்கேதான் வளரும்.

காணி, தண்ணீர், யானை

வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் வீடும் வளவும் சீதனமாகப் பெண் பெயரில் இருப்பது வழமை. அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய படுவான்கரைக் காணிகளோ பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மகனுக்கு முன்னுரிமை தந்த வாரிசு ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது. எனவே அங்கத்தவரின் காணியைச் சங்கம் குத்தகைக்கு எடுப்பதாயின், அனுமதிப்பத்திரம் யார் பெயரில், வாரிசு யார், குத்தகைக்கு அனுமதி உண்டா என்பவற்றைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டறிந்த பின்னரே கிணறு தோண்ட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்த எழுத்து ஒப்பந்தத்தில் நிரந்தர வேலை எதையும் செய்ய வேண்டாம். சர்ச்சைக்குட்பட்ட காணி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

நாற்றுமேடையை வெள்ளம் ஏறாத மேட்டில் அமையுங்கள். முந்திய வெள்ளத்தில் நீர் எதுவரை வந்தது என்பதை அயலவர் மரத்தில் காட்டித் தருவார்கள். முதலில் எழ வேண்டிய கட்டடம் களஞ்சியமன்று, பெண்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் பயன்படுத்தக்கூடிய கழிவறை. அது இல்லாமையால் நாள்முழுதும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். குளத்துக்குக் கீழ் காணி இருந்தால், ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஒருவர் கட்டாயம் போக வேண்டும்; நீர் திறக்கும் நாளும் மூடும் நாளும் அங்கேதான் முடிவாகின்றன. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, கிரான் பக்கங்களில் பொழுதுபட்டபின் வீதியில் யானை நிற்கும். வேலை நேரத்தை நான்கு மணிக்குள் முடித்து, எல்லோரும் கூட்டாக வீடு திரும்பும் ஒழுங்கைச் செய்யாவிட்டால், பெண்கள் வருவதை வீட்டார் தடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சங்கம் வளரும்போது

விலை கூடும் நாளில் அங்கத்தவர் தம் விளைச்சலை வெளியில் விற்பதும், விலை குறையும் நாளில் சங்கத்தில் கொண்டுவந்து கொட்டுவதும் நடக்கும். இதைத் தண்டத்தால் தடுக்க முயன்ற சங்கங்கள் அங்கத்தவரை இழந்திருக்கின்றன. பொருளை ஏற்ற அன்றே ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்து, மீதியைக் கிழமை முடிவில் தீர்த்தால், வெளி வியாபாரியின் கவர்ச்சி பாதி குறையும். காசோலையில் இருவர் கையெழுத்து, அவர்களில் ஒருவர் வேலை செய்யும் அங்கத்தவர் என்ற விதியை எக்காரணம் கொண்டும் தளர்த்த வேண்டாம். தேர்தல் காலத்தில் சங்கத்தின் உழவு இயந்திரத்தைக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும் வாடகைப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்.

புதிய அங்கத்தவரைச் சேர்க்க ஊரில் நெருக்குதல் வரும். முதல் விற்பனை நன்றாக நடந்தால் அது இருமடங்காகும். ஒருவரைச் சேர்க்குமுன் அவருக்கு அடுத்த ஆறு மாதங்களுக்கு மாதம் 15 நாள் வேலை தரும் விற்பனை உண்டா என்று கணக்குப் பார்த்து, உண்டெனில் அவரைச் சேர்க்கலாம். இல்லையெனில் பெயரைக் காத்திருப்போர் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை எவரும் பார்க்கக்கூடியவாறு அலுவலகச் சுவரில் தொங்கவிட வேண்டும். முதற் கணக்காய்வு அறிக்கை பொதுச்சபையில் வாசிக்கப்படும்வரை வேலை பெறும் அங்கத்தவரின் எண்ணிக்கையை உயர்த்தாமல் இருப்பது நல்லது.